முழங்காலை இழுத்துக்கொண்டேன்

ஆறு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த நாற்காலியில் நாற்பத்துமூன்று வயதுப் பொம்பளை உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிடும். பக்கத்துப் பிள்ளையின் காலில் இடிக்காமல் உட்கார முடியாது. எல்லாம் அப்படித்தான் தொடங்கியது. திட்டம் போட்டுச் செய்த களவு அல்ல. இடம் பற்றாமல் வந்த பழக்கம்.

நான் டீச்சர் இல்லை, அசிஸ்டெண்ட். கிழக்கு ஸ்லோவாக்கியாவில் எங்கள் ரோமா ஜனத்தின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் முதல் வகுப்புக்கு என்னைப் போல ஒருத்தியைப் போடுவார்கள். காலை ஏழு மணிக்கு எங்கள் குடியிருப்பில் கதவு கதவாகத் தட்டிப் பிள்ளைகளை எழுப்புவேன். குடியிருப்பு ஓரத்து ஓடையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் தார் ரோடு கிடையாது. மழை பெய்தால் சின்னதுகளை இடுப்புக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு சேற்றைத் தாண்டுவேன். பள்ளி நடையில் சேற்றுச் செருப்பைக் கழற்றி, வகுப்புக்குள் போடும் உள்செருப்பு மாட்டிவிடுவேன். உள்செருப்பு இல்லாத பிள்ளைக்காக என் பையில் நாலு ஜோடி எப்போதும் கிடக்கும். மூக்கைத் துடைத்து, பேன் பார்த்து, பென்சில் சீவிக் கொடுத்துவிட்டு, அப்புறம் அந்தக் குட்டி நாற்காலியில் உட்காருவேன்.

ப்ளாங்கா டீச்சர் ஸ்லோவாக் மொழியில் சொல்வதை நான் பிள்ளையின் காதில் எங்கள் ரோமானி மொழியில் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. ஆனால் எங்கள் பிள்ளைகள் பதில் தெரிந்தாலும் வாயைத் திறக்காது. தப்பாகச் சொன்னால் பின்வரிசை சிரிக்கும் என்ற பயம். அப்போது என் முழங்கால் பிள்ளையின் முழங்காலை லேசாக அழுத்தும். "சரிதான், சொல்லு" என்று அர்த்தம். பிள்ளை சொல்லிவிடும். ப்ளாங்கா டீச்சர், "பாத்தீங்களா, என்ன சூட்டிகை!" என்பார். எனக்கு அன்று முழுக்க வயிறு நிறைந்திருக்கும்.

என் அப்பா சாக்கடைக் குழி தோண்டினார். என் புருஷன் டெஸிடேரும் செக் நாட்டில் குழிதான் தோண்டினான், இடுப்பு போகும்வரை. நான் பன்னிரண்டு வருஷம் பட்டணத்துக் கோழித் தொழிற்சாலையில் பனித் தண்ணீருக்குள் கையை விட்டுக் குடல் உருவினேன். வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. சாயங்கால வகுப்பில் படித்துச் சான்றிதழ் வாங்கி, கணப்பு எரியும் அறையில் உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் எங்கள் வம்சத்தில் நான்தான். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு மே மாதமும் பட்டணத்திலிருந்து ஓர் அம்மாள் வருவார். கையில் பழுப்புப் பெட்டி. அதற்குள் மரக்கட்டைகள், பட அட்டைகள். குடியிருப்பில் அவருக்குப் பெயரே பெட்டிக்காரம்மா. முதல் வகுப்பில் எங்கள் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தலைமையாசிரியர் அறையில் உட்கார்த்தி, நாலு படத்தைப் பரப்பி, எது சேராது, எது அடுத்து வரும் என்று கேட்பார். பதில் சொல்லாத பிள்ளைக்கு ஒரு காகிதம் எழுதுவார். அந்தக் காகிதத்தில் தாயும் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிள்ளை கொதிகலன் அறைக்குப் பின்னால் இருக்கும் சிறப்பு வகுப்புக்குப் போகும். அங்கே போன பிள்ளை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. பதினைந்து வயதில் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவர்களாக வெளியே வருவார்கள். அப்புறம் ஆணுக்குக் குழி, பெண்ணுக்குக் கோழி.

மொழி சொல்வதற்காக அந்த அறையில் நானும் உட்காருவேன், அதே குட்டி நாற்காலியில். அட்டையில் நகரும் படிக்கட்டு இருக்கும், விமானத்தின் ஜன்னல் இருக்கும். எங்கள் பிள்ளை எங்கே கண்டது அதை? ரிகார்டோ என்று ஒருவன், சூட்டிகையான பையன், பல் துலக்கும் பிரஷைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். என் முழங்கால் தானாக நகர்ந்தது. பிள்ளை அட்டைகளுக்கு மேலே விரலை ஓட்டும். சரியான அட்டைக்கு வரும்போது நான் அழுத்துவேன். விரல் அங்கே இறங்கும். ஐந்து வருஷத்தில் ஏழு பிள்ளைகளை அப்படிக் காப்பாற்றினேன். பாவம் என்று நான் நினைக்கவே இல்லை. பெருமைதான்.

போன வருஷம் ஏப்ரலில் தலைமையாசிரியர் பெட்ரீக் கூப்பிட்டார். நல்ல மனுஷன். என்னை 'நீங்க' என்று சொன்ன முதல் தலைமையாசிரியர் அவர். அதற்கு முன்னால் இருந்தவர்களுக்கெல்லாம் நான் 'ஏய், ஜொலானா'தான்.

"ஜொலானா, உங்ககிட்ட மறைக்க விரும்பல. சிறப்பு வகுப்புக் காகிதம் இருக்கிற பிள்ளைங்க பள்ளியில இத்தனை பேர்னு இருந்தாத்தான் மேலிடத்துல அசிஸ்டெண்ட் இடம் தருவாங்க. இந்த வருஷம் ஒண்ணு குறையுது."

"குறைஞ்சா?"

"செப்டம்பர்ல உங்க இடம் இல்ல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க பிள்ளைங்கதான் எல்லாரும் பாஸ் பண்ணிடுதுங்களே. நல்ல விஷயம். ஆனா பாருங்க, அதுவே..."

முடிக்கவில்லை. இப்படிச் செய் என்று சொல்லவுமில்லை. பின்னாளில் அவர்மீது பழி போட எனக்கு ஆசையாக இருந்தது. முடியவில்லை. அவர் சொன்னது ஓர் எண். மிச்சத்தை எல்லாம் நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் டெஸிடேர் முதுகுக்கு அடியில் பலகையை வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

"கவலைப்படாதடி. கோழிங்க உன்னை மறக்கல. போன வாரம்கூட விசாரிச்சுதுங்களாம், எங்க ஜொலானா எப்போ வருவான்னு."

"வாயை மூடு."

"காலைல நாலரை பஸ்ஸு. இன்னும் அதே டிரைவருதான்."

அவனுக்கு வலி வந்தால் பகடி பேசுவான். ஆனால் அன்று ராத்திரி என் இரண்டு விரலும் பனிக்குள் கிடந்த மாதிரி விறைத்தன.

அந்த வருஷம் முதல் வகுப்பில் மெலிசா இருந்தாள். மரப்பாலத்துக்குப் பக்கத்து வீட்டு ஜானெட்டாவின் மூத்த பெண். காது வரை மூடிய சிவப்புத் தொப்பி, கீழ் வரிசையில் இரண்டு பல் இல்லை. கணக்கில் கெட்டிக்காரி. பள்ளிக்கு வரும் வழியில் எத்தனை புகைபோக்கியில் புகை வருகிறது என்று எண்ணிக்கொண்டே வருவாள். எந்த வீட்டில் விறகு தீர்ந்துபோனது என்று எனக்கு முந்தி அவளுக்குத் தெரியும். ஆனால் வகுப்பில் என் முழங்கால் படாமல் ஒரு சொல் வராது. மற்றப் பிள்ளைகளைவிட அவளுக்கு அது அதிகம். நான் பக்கத்தில் இல்லாத நாளில் ப்ளாங்கா டீச்சர் கேட்டால், காலியாகக் கிடக்கும் என் நாற்காலியைப் பார்ப்பாளாம். டீச்சர் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன்.

மே மாதம் பெட்டிக்காரம்மா வந்தார். ஜன்னல் திறந்திருந்தது. வெளியே புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மெலிசாவுக்கு அன்று தலை வாரி, ஜானெட்டா வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பியிருந்தாள்.

நாலு அட்டை பரப்பினார். ஆப்பிள், பேரிக்காய், பிளம், சுத்தியல்.

"எது சேராதுன்னு கேளுங்க."

கேட்டேன். மெலிசாவின் விரல் எழுந்தது. ஆப்பிளுக்கு மேலே போனது, பேரிக்காய்க்கு மேலே, பிளமுக்கு மேலே. சுத்தியலுக்கு மேலே வந்ததும் நின்றது. கடைக்கண்ணால் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும் அவளுக்குத் தெரியும் என்று.

நான் முழங்காலை இழுத்துக்கொண்டேன்.

ரொம்பத் தூரமில்லை. இரண்டு விரற்கடை இருக்கும். அவ்வளவுதான் செய்தேன். தப்பான அட்டையைக் காட்டவில்லை. பொய் எதுவும் மொழிபெயர்க்கவில்லை. விதிப்படி எப்படி உட்கார வேண்டுமோ, அந்த ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அப்படி உட்கார்ந்தேன்.

விரல் சுத்தியலை விட்டு நகர்ந்தது. மறுபடி ஆப்பிள், மறுபடி பேரிக்காய். ரொட்டி மேல் உட்கார இடம் தேடும் ஈ மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்தது. மேசைக்கு அடியில் அவளுடைய சின்ன முழங்கால் என் பக்கமாக நகர்ந்து வந்து தேடியது. நான் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன். பெட்டிக்காரம்மா பொறுமையானவர்தான். ஒவ்வொரு அட்டைக்கும் காத்திருந்தார். முக்கால் மணி நேரம். மெலிசா ஒரு பதிலும் சொல்லவில்லை. அழவுமில்லை. கடைசியில் விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

காகிதத்தை ஜானெட்டாவிடம் கொண்டு போனவளும் நான்தான். அதுவும் அசிஸ்டெண்ட் வேலையில் சேர்த்தி. ஜானெட்டா அடுப்புத் தகட்டின் மேல் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு வயது, மூன்று பிள்ளை. எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஆனால் அரசாங்கக் காகிதம் என்றால் கண் மங்கிவிடும் அவளுக்கு.

"எங்க போடணும்க்கா?"

"கீழ, கோட்டு மேல."

"நல்லதுக்குத்தானே?"

"நல்லதுதான். அங்க பிள்ளைங்க கம்மி. சத்தம் கிடையாது. நல்லா கவனிப்பாங்க."

"நீங்க சொன்னா சரிக்கா." கையில் மாவு ஒட்டியிருந்தது. பாவாடையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "சூடா இருக்கு, ஒண்ணு சாப்பிட்டுட்டுப் போங்க. எம் பொண்ணைத் தூக்கிச் சுமக்கிறீங்க."

சாப்பிட்டேன். நின்றபடியே, முழுசாக. உப்பு சரியாக இருந்தது என்பது வரை ஞாபகம் இருக்கிறது.

செப்டம்பரில் என் இடம் இருந்தது. புதுப் பிள்ளைகள் வந்தார்கள், அதே நாற்காலி. மெலிசா கொதிகலன் அறைக்குப் பின்னால் போய்விட்டாள். காலையில் எல்லாரோடும் என் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். பள்ளி வாசலில் நான் இடது பக்கம், அவள் வலது பக்கம். முதல் வாரம் என் பின்னாலேயே வந்தாள். "உன் கிளாஸு அங்கடி" என்று திருப்பிவிட்டேன். இரண்டாம் வாரம் தானாகத் திரும்பிக்கொண்டாள்.

அக்டோபரில் ஒரு நாள் துடைப்பம் எடுக்கக் கொதிகலன் அறைப் பக்கம் போனேன். சிறப்பு வகுப்பின் கதவு திறந்திருந்தது. பதினொரு பிள்ளைகள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மெலிசாவுக்கு முன்னால் ஓர் ஆப்பிள் படம். பச்சைப் பென்சில், சிவப்புப் பென்சில், மஞ்சள் பென்சில். அவள் விரல் மூன்று பென்சிலுக்கும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த வகுப்பு டீச்சரம்மாள் வாசலுக்கு வந்து என் காதோடு சொன்னார். "இந்தப் பிள்ளை பாவம். ஆப்பிளுக்கு என்ன நிறம்னுகூட முடிவெடுக்கத் தெரியல."

மெலிசா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. ஆனால் மேசைக்கு அடியில் அவள் கால் பக்கவாட்டில் நகர்ந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. காற்றை இடித்துக்கொண்டு நின்றது அந்த முழங்கால்.

துடைப்பத்தை எடுக்காமல் திரும்பினேன்.

டெஸிடேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாக அவன் பகடி பேசவில்லை.

"ஜானெட்டாகிட்ட சொல்லப் போறியா?"

"சொல்லணும்."

"தலைமையாசிரியர்கிட்ட?"

அங்கேதான் முட்டியது. முழங்கால் கதையை அவரிடம் சொன்னால் அந்த ஏழு பிள்ளைகளையும் மறுபடி பெட்டிக்கு முன்னால் உட்கார்த்துவார்கள். ரிகார்டோ இப்போது நாலாம் வகுப்பில் ஸ்லோவாக் பிள்ளைகளுக்கே கணக்குச் சொல்லித் தருகிறான்.

"அவருகிட்ட மாட்டேன்."

"பாதி உண்மைக்காரி," என்றான். அதிலும் கேலி இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஜானெட்டா வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும். முழங்கால், பெட்டிக்காரம்மா, ஓர் எண் குறைந்தது, நான் காலை இழுத்துக்கொண்டது. அவள் கோடரியைக் கட்டையில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்போ எம் பொண்ணு மக்கு இல்ல."

"இல்ல."

"எங்க வீட்டுக்காரரு அஞ்சு மாசமா சொல்லிட்டிருக்காரு, உன் வம்சத்துல இருந்துதான் மக்கு வந்துச்சுன்னு. நானும் ஆமான்னு நம்பிட்டேன்." குரல் ஏறவே இல்லை. "நீங்க பெத்த பிள்ளையா இருந்தா இப்படிச் செஞ்சிருப்பீங்களா?"

நான் கோடரியைப் பார்த்தேன்.

"கேக்கறேன்ல?"

"மாட்டேன்."

"என் அப்பத்தைத் தின்னீங்களேக்கா. முழுசாத் தின்னீங்களே. தொண்டையில எப்படி இறங்கிச்சு?"

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "என்னடி, அசிஸ்டெண்டம்மா உன்கிட்ட மன்னிப்பு கேக்குற மாதிரி இருக்கு?"

"உன் சட்டி தீயுது, போய்ப் பாரு!" என்றாள் ஜானெட்டா. தலை உள்ளே போனது. அப்புறம் என்னிடம், "இப்போ என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க. அழுதுட்டுப் போறதுக்கு வந்திருந்தா வேண்டாம். எனக்கு விறகு வேலை இருக்கு."

கையெழுத்தைத் திரும்பப் பெறலாம், மறுபடி சோதனை கேட்கலாம் என்று சொன்னேன். மனுவை நானே எழுதினேன். அவள் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். ஒரு மணி நேரம் ஆனது. நான் காத்திருந்தேன். இந்தத் தடவை அப்பம் தரவில்லை.

தலைமையாசிரியர் மனுவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எண்ணிக்கை உங்களுக்குத் தெரியும்ல, ஜொலானா?"

"தெரியும் சார்."

"பிள்ளை திரும்பி வந்தா ஜனவரியில..."

"தெரியும் சார்."

அவர் மனுவைக் கோப்பில் வைத்தார். முழங்கால் கதையை நான் சொல்லவில்லை.

பெட்டிக்காரம்மா வர ஐந்து வாரம் இருந்தது. மனு எழுதியது சுலபம். மெலிசா மறுபடி அந்த மேசையில் உட்கார்ந்தால் மறுபடி என் காலைத்தான் தேடுவாள். நான் கட்டிய முடிச்சை நானே அவிழ்க்க வேண்டும். பள்ளி முடிந்து தினமும் ஜானெட்டா வீட்டுக்குப் போனேன். மெலிசாவைக் கட்டிலில் உட்காரவைத்து, மூன்று உருளைக்கிழங்கும் ஒரு கரண்டியும் முன்னால் வைத்துவிட்டு, நான் அடுப்பைப் பார்த்து, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

"எது சேராது?"

கட்டிலிலிருந்து இறங்கும் சத்தம். சுற்றி வந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். அவள் சுவர்ப் பக்கம் வந்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன்.

"முதுகைப் பாத்துப் பாடம் படிக்கிற பள்ளிக்கூடம் உலகத்துலயே இது ஒண்ணுதாண்டி," என்றாள் ஜானெட்டா மாவு பிசைந்துகொண்டே. "கட்டணம் கிடையாது, டீச்சருக்கு மூஞ்சியும் கிடையாது."

முதல் நாலு நாள் ஒரு சொல் வரவில்லை. அடுப்புக் கதவின் துருவை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முழங்காலைக் கையால் பிடித்து வைத்துக்கொள்வேன், அது நகரும் என்ற பயத்தில். ஐந்தாம் நாள் அவளுடைய சின்னத் தம்பி கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"டேய், அது சேராததுடா! அதை வெச்சாத்தான் விளையாட்டு!" என்று கத்தினாள் மெலிசா.

நான் திரும்பவில்லை. மாவு பிசையும் சத்தம் நின்றது. ஜானெட்டா மூக்கை உறிஞ்சினாள். அதன் பிறகு பொத்தான், காலுறை, துணி மாட்டும் கிளிப் என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைத்தோம். சில நாள் சொல்வாள். சில நாள் சொல்ல மாட்டாள். ஒரு வருஷமாக ஊன்றியது ஐந்து வாரத்தில் போகாது. பள்ளியிலும் முதல் வகுப்பில் என் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டேன். புதுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு அதற்குள் பழக்கமாகியிருந்தது. "ஏன் தள்ளி உக்காந்திருக்கீங்க?" என்று ப்ளாங்கா டீச்சர் கேட்டார். முழங்கால் வலி என்றேன்.

நவம்பர் கடைசியில் பெட்டிக்காரம்மா வந்தார். உறைபனி. பெட்டியைத் திறக்கும்போது பூட்டு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"மொழிக்கு நீங்க இருங்க," என்றார்.

"இருக்கேன் மேடம். ஆனா நாற்காலியைச் சுவத்தைப் பாத்துப் போட்டுக்கறேன்."

"ஏன்?"

"பிள்ளை என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருக்கும்."

அவர் கை பெட்டியின் மேலேயே நின்றது. என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் நாற்காலியைப் பார்த்தார், அப்புறம் மேசைக்கு அடியில். புத்திசாலிப் பொம்பளை. ரிகார்டோவின் முகம், அந்த ஏழு முகமும் வரிசையாக வந்து போயின.

"சரி. திரும்பி உக்காருங்க," என்றார் மெல்ல.

சுவரில் நாள்காட்டி தொங்கியது. அட்டைகள் மேசையில் விழும் சத்தம் கேட்டது. கேள்வியைச் சுவரிடம் சொன்னேன். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. விரல் சுற்றும் சத்தம் காதுக்குக் கேட்காது, ஆனால் எனக்குத் தெரிந்தது. நாள்காட்டியில் முப்பது கட்டங்கள். ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினெட்டாவது கட்டத்தில் திரும்பிப் பார்த்துவிடுவேனோ என்று இருந்தது. இருபத்தாறாவதில் டொக் என்று ஒரு விரல் அட்டையில் இறங்கியது.

"இது," என்றாள் மெலிசா. ஸ்லோவாக்கில்.

சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. படத்தைப் பார்க்கவில்லையே. அடுத்த அட்டை. டொக். அடுத்தது. நடுவில் இரண்டு கேள்விக்குப் பதில் வரவில்லை. மற்றதற்கெல்லாம் வந்தது.

முடிந்ததும் பெட்டிக்காரம்மா நடையில் என்னைத் தனியாக நிறுத்தினார். "இந்தப் பிள்ளை மே மாசம் எப்படி இருந்துச்சுன்னு என் குறிப்புல இருக்கு. இன்னிக்கு எப்படி இருக்குன்னும் எழுதறேன். சாதாரண வகுப்புல இருக்க வேண்டிய பிள்ளை." கையுறையை மாட்டிக்கொண்டார். "நடுவுல என்ன ஆச்சுன்னு நான் எழுதல. எனக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் விரும்பல." போய்விட்டார். நன்றி சொல்லியிருக்க வேண்டுமோ. எதற்கு நன்றி?

மத்தியானம் மெலிசாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். சேறு இறுகிக் கல்லாகியிருந்தது. அவள் புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டு வந்தாள். பதினாலில் நிறுத்தினாள்.

"அத்தை."

"என்னடி?"

"என் மேல கோவமா?"

"இல்லையே. ஏன் கேக்கற?"

"எப்பப் பாத்தாலும் முதுகைக் காட்டுறீங்க."

"அது கோவம் இல்ல கண்ணு. நீயே சொல்லணும்னுதான்."

கொஞ்ச தூரம் நடந்தாள். கல்லாய் இறுகிய வண்டித் தடத்தில் ஒரு காலும் மேட்டில் ஒரு காலுமாக.

"அப்போ அன்னிக்கு? வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்தேனே, அன்னிக்கு? அன்னிக்கு மூஞ்சி இந்தப் பக்கம்தான் இருந்துச்சு. முட்டியை மட்டும் எடுத்துட்டீங்க."

அவளுடைய தாயிடம் சொன்னேன், புருஷனிடம் சொன்னேன். இவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஆறு மாதமாக, கையைப் பிடித்துக்கொண்டு நடந்த ஒவ்வொரு காலையிலும், இவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"அன்னிக்கு எனக்குப் பயமா இருந்துச்சு."

"பெட்டிக்காரம்மாவைப் பாத்தா?"

"இல்ல. கோழியைப் பாத்து."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பல் இல்லாத வாயைத் திறந்து, இடுப்பை மடித்துச் சிரித்தாள். "கோழிக்கா! அத்தைக்குக் கோழின்னா பயமா!" மரப்பாலம் தாண்டும் வரை சிரித்துக்கொண்டே ஓடினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று கையை இறக்கையாக அடித்துக் கொக்கரித்துக் காட்டினாள். நான் உண்மையைத்தான் சொன்னேன். அவள் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டாள். அப்படியே விட்டுவிட்டேன்.

டிசம்பரில் மெலிசா முதல் வகுப்பையே மறுபடி படிக்கத் திரும்பினாள். ஜனவரியில் நான் நாலரை பஸ்ஸில் ஏறினேன். டெஸிடேர் சொன்னது சரிதான், அதே டிரைவர். முதல் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகளுக்கு ப்ளாங்கா டீச்சர் ஒருத்தர்தான். என் நாற்காலியில் பிள்ளைகளின் பைகள் கிடக்கின்றனவாம். மெலிசா பாடத்தில் பின்தங்கியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். சில நாள் பேசுகிறாளாம், சில நாள் இல்லையாம்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிக் குடியிருப்புக்குள் வரும்போது பிள்ளைகள் பாலத்தில் காத்திருக்கும். என் மேலே கோழி நாற்றம் வீசும். என்னைப் பார்த்ததும் கையை இறக்கையாக அடித்துக்கொண்டு, "கோழிக்குப் பயந்த அத்தை! கோழிக்குப் பயந்த அத்தை!" என்று கூட்டமாகக் கத்தும். மெலிசாவுக்குத்தான் முதல் குரல். நான் பயந்த மாதிரி நடித்து ஓட வேண்டும், அது விளையாட்டின் சட்டம். முழங்கால் வலியோடு கொஞ்ச தூரம் ஓடுவேன்.